மீன் கழிவில் பிரஷர் மருந்தா?

காசிமேட்டில் மீன் வெட்டுகிற இடத்தில் தலை, செதில், முள், குடல் என்று குவிந்துகொண்டே இருக்கும். எறாவில் மட்டும் எடையில் ஏறக்குறைய பாதி தலையும் ஓடுமாகப் போய்விடுகிறது. இந்தக் கழிவின் புரதத்திலிருந்து ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டுகளைப் பிரிக்க முடியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு நம் சடையங்குப்பத்தில் யாரும் மாத்திரையை நிறுத்தி எறாத்தலைக் குழம்பை நம்பிவிடக் கூடாது.

வெட்டுகிற நொதி

ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-1 என்றொரு பொருள் உண்டு. 10 அமினோ அமிலங்கள் கோத்த சரம். ஏசிஇ என்னும் நொதி அதில் இரண்டை வெட்டி எறிகிறது. மீந்த எட்டும் ரத்தக்குழாயை இறுக்கும், பிரஷர் ஏறும். வெட்டுவதைத் தடுத்தால் இறுக்கம் தளரும். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரில் மாத்திரைக்கு வழிகாட்டியது பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்திலிருந்த பெப்டைடுதான். நம்மூர் சுகாதார நிலையங்களில் தரும் எனலாப்ரிலும் அதே குடும்பம்.

மீன் பெப்டைடும் அதே நொதியைத்தான் தடுக்கிறது, ஆனால் பலம் மிகக் குறைவு. அதுவும் குழம்பு கொதித்தால் வந்துவிடாது. வேறு நொதிகளைச் சேர்த்து, சூடும் புளிப்பும் அளந்து, புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி வடிகட்ட வேண்டும். ஜப்பானில் சூரை, மத்தி மீன்களிலிருந்து இப்படி எடுத்ததை உணவுப்பொருளாக விற்கிறார்கள். ஆனால் சூரை பெப்டைடுக்குப் போதிய சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொல்லிவிட்டது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செதிலிலிருந்து கொலாஜன் பெப்டைடு எடுக்கிறது. அது பிரஷர் மருந்தல்ல.

கருவாடும் கழிமுகமும்

நம் வீட்டில் பிரஷரை ஏற்றுவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

இன்னொன்று. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் ஆண்டாண்டாகச் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்தது. எறாத்தலையிலும் மீன் ஈரலிலும்தான் உலோகங்கள் அதிகம் தங்கும். இப்படிப்பட்ட நீரில் பிடித்ததன் தலையை மருந்தென்று தேடித் தின்பது எதிர்வேலை.

மாத்திரை

பிரஷர் தொடர்ந்து 140/90-க்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எனலாப்ரில் எடுத்து வறட்டு இருமல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது.