கேள்விக்கு ஏற்ற படம்

எண்களைப் படமாகக் காட்டும் முறைகளைப் பற்றி இன்று பார்ப்போம். இது பெரிய படிப்புப் படித்தவர்களின் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நோய்நொடியும் கூலியும் இதில் அடங்கியிருக்கின்றன.

படம் போடுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் அறிய விரும்புவது என்ன? எங்கே என்பதா? எப்படி மாறுகிறது என்பதா? எது பெரிது என்பதா?

'எங்கே' என்றால் ஊர்ப்படம் வேண்டும். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ தண்ணீரைச் சந்தேகித்தார். மாண்டவர்கள் வசித்த இடங்களை விசாரித்தார். பிராட் தெருவின் அடிகுழாயை ஒட்டியே சாவுகள் மிகுந்திருந்தன. செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு தம் முடிவை விளக்க, தெருப்படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடிட்டு அவர் வெளியிட்டார். பெயர்ப்பட்டியலில் மறைந்து கிடக்கக்கூடிய உண்மை, படத்தில் ஒரே பார்வையில் தெரிந்தது. லயத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டால், எந்த வீடு, எந்தத் தண்ணீர் என்று நாமும் தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டலாம்.

'எப்படி மாறுகிறது' என்றால் கோட்டுப்படம் வேண்டும். குழந்தையின் எடை 8 கிலோ என்றால், அது போதுமா போதாதா? அந்த ஓர் எண்ணைக் கொண்டு சொல்ல இயலாது. கிளினிக்கில் தரும் சுகாதாரப் புத்தகத்தில், நிறுக்கும்போதெல்லாம் எடை புள்ளியாகக் குறிக்கப்படுகிறது. புள்ளிகளை இணைக்கும் கோடு, அச்சிட்ட வளைகோடுகளை ஒட்டி ஏறினால் நல்லது. ஏறாமல் படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ, பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இருந்துவிடாமல், உடனே தாதியிடம் கேளுங்கள்.

'எது பெரிது' என்றால் பட்டைப்படம் வேண்டும். வட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டும் படத்தில், ஏறக்குறைய ஒத்த இரு துண்டுகளில் பெரியது எதுவென்று கண்ணுக்குப் புலப்படாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பட்டைகளில் உடனே தெரியும்.

ஆனால் பட்டையிலும் ஏமாற்ற வழியுண்டு. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. உயர்வு நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு. இதையே 1,400-இலிருந்து தொடங்கும் பட்டைகளாக வரைந்தால், இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண்கள் பொய்யல்ல, படம் தரும் எண்ணம் பொய். கூலி மும்மடங்கானதுபோல் தோன்றும்; கையில் வருவதோ 200 வெள்ளிதான் கூடுதல்.

ஆகவே பட்டைப்படத்தைக் கண்டால், முதலில் அடிக்கோட்டைப் பாருங்கள். அது பூச்சியத்தில் தொடங்குகிறதா? இல்லையென்றால், பட்டைகளின் உயரத்தை நம்பாமல் எண்களைப் படியுங்கள். தொழிற்சங்கக் கூட்டமானாலும் பத்திரிகையானாலும் இந்தப் பழக்கம் நமக்குக் காவலாக இருக்கும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.