ஒரு குழாய் இரத்தமும் ஓராண்டுக் காத்திருப்பும்

1977ஆம் ஆண்டு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக நடக்க முடியாமல் போனார்கள். கால் வலுவிழந்து பாதம் தொங்கியது. பிறகு கையும் தளர்ந்தது. அடுத்த ஆண்டுக்குள் இப்படி இருபதுக்கும் மேற்பட்டோர். பேராதனை மருத்துவ பீடத்து நரம்பியல் நிபுணர் நிமால் சேனாநாயக்க இதன் காரணத்தைத் துருவிக்கொண்டு போனபோது தடயம் அடுப்பங்கரையில் போய் நின்றது. பூப்பெய்திய பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று நம் வீடுகளில் நல்லெண்ணெய் கொடுப்பார்களே, அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேட் என்ற நச்சு கலந்திருந்தது. கனிய எண்ணெய் ஏற்றிய கலன்களில் நல்லெண்ணெயையும் கொண்டுவந்ததில் கலந்திருக்கலாம் என்று கணித்தார்கள். 1981இல் சேனாநாயக்கவும் சக ஆய்வாளர் ஜெயரத்தினமும் இதை ‘லான்செற்’ இதழில் எழுதினார்கள்.

இயக்க நரம்பணு நோயைப் பற்றிப் பேசும் தொடரில் நல்லெண்ணெய்க் கதை எதற்கு? அந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது தெரிந்த ஒன்றுக்காக. முதலில் தொய்ந்து கிடந்த கால்களில் சிலருக்கு நாளடைவில் விறைப்பு ஏறியது. தொய்வு, முள்ளந்தண்டிலிருந்து தசைக்குப் போகும் கீழ் நரம்பு கெட்டதன் அடையாளம். விறைப்பு, மூளையிலிருந்து இறங்கும் மேல் நரம்பு கெட்டதன் அடையாளம். இரண்டும் ஒரே உடலில் சேர்வதுதான் இயக்க நரம்பணு நோயின் முத்திரை என்று சென்ற வாரம் பார்த்தோம். எண்ணெய்க் கதையைக் கேட்டறியாத ஒரு வைத்தியர் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களில் ஒருவரைப் பார்த்திருந்தால், அட்டையில் தவறான நோயின் பெயரை எழுதியிருக்கக் கூடும்.

அந்தப் பெயரை எழுதுவது சாதாரண விடயமல்ல. பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோகும் நோய் இது. 1869இல் பாரிசில் நரம்பியல் மருத்துவர் சார்க்கோ விவரித்த நாளிலிருந்து இன்றுவரை, ஆம் அல்லது இல்லை என்று ஒரே சோதனையில் சொல்ல வழி வரவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, நரம்பு மின்சோதனை செய்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, மற்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வருகிறார்கள். வசதியுள்ள நாடுகளிலேயே இதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது.

மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவர் வைத்தியரிடம் சொல்லும் முதல் வார்த்தை, “கொழுந்தக் கிள்ள முடியலங்க ஐயா, வெரலு நழுவுது” என்பதாக இருக்கும். நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாள் கூலி) விழத் தொடங்கிய பிறகுதான் அதையும் சொல்வார். அதற்குள் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டிருப்பார்கள், முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருப்பார்கள், வலிக்கு மாத்திரை வாங்கியிருப்பார்கள். கவனமுள்ள வைத்தியர் அந்தக் கையை மேசைமேல் வைத்துப் பார்ப்பார். பெருவிரலின் அடிமேடு தட்டையாகியிருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழிந்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து மேடு மட்டும் அப்படியே இருக்கும். கொழுந்து கிள்ளுவதற்கு வேண்டிய அந்த இரண்டு விரல்களையே நோய் முதலில் தேடிப் பிடித்தது போலத் தோன்றும். “நாக்கை உள்ளேயே வச்சு வாயைத் திறங்கம்மா” என்பார் வைத்தியர். ஓய்வில் இருக்கும் நாக்கில் புழு நெளிவதுபோல் சிறு துடிப்புகள் ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான். பிறகு சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டுவார். மெலிந்த காலில் உதறல் தணிந்திருக்க வேண்டும். மாறாக அது துள்ளினால் வைத்தியரின் முகம் மாறும்.

இதே கைமெலிவு இருபது வயது இளைஞனுக்கு வந்தால் கதை வேறு. அவனுக்குச் சுண்டுவிரல் பக்கம் அதிகம் கரையும், பெருவிரல் பக்கம் தப்பும். கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்பக்கம் நசுங்குவதால் வரும் இதற்கு ஹிரயாமா நோய் என்று பெயர். ஜப்பானில் 1959இல் முதலில் எழுதப்பட்டது. சில ஆண்டுகள் முற்றி, தானே நின்றுவிடும், ஆளைக் கொல்லாது. இலங்கையில் இது அரிதும் அல்ல. கொழும்பு நரம்பியல் நிபுணர் ஜே. பி. பீரிஸ் குழுவினர் 1989இல் இத்தகைய கைமெலிவு உள்ள 102 இலங்கையரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிழையான பெயரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பையன் படிப்பை விடுவான், வேலையை விடுவான், கலியாணப் பேச்சு நின்றுபோகும். எனக்கு இந்தத் தவறுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்துகிறது.

இயக்க நரம்பணு நோயிலேயே மதராஸ் வகை என்றும் ஒன்று உண்டு. 1970இல் சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தது. இளவயதில் தொடங்கும், காது மந்தமாகும், முகமும் தொண்டையும் தளரும், ஆனாலும் மெதுவாகவே நகரும். தென்னிந்தியாவுக்கு வெளியே அபூர்வம். கைமெலிவோடு காதும் மந்தமா என்று கேட்கும் பழக்கம் மலையகத்தில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இருக்க வேண்டும் என்பேன். கழுத்தெலும்புத் தேய்வு தண்டுவடத்தை அழுத்துவதாலும் இதே அடையாளங்கள் வரலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. இயக்க நரம்புகளை மட்டும் தாக்கும் ஓர் எதிர்ப்பாற்றல் கோளாறும் உண்டு. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் தேறும்.

இத்தனை போலி நோய்களிலிருந்து பிரித்தறிய உதவும் இரத்தச் சோதனைக்கு வருவோம். நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் அதன் உருவைத் தாங்கும் நுண்ணிய புரத இழைகள் இருக்கின்றன. நியூரோஃபிலமென்ட் என்று பெயர். கயிறு நைய நையத் தும்பு உதிர்வதுபோல, நரம்பு சிதையும்போது இந்த இழைத் துணுக்குகள் முதுகுத்தண்டு நீரில் உதிர்ந்து, அங்கிருந்து மிகச் சொற்பமாக இரத்தத்துக்குள் வருகின்றன. சொற்பம் என்றால், பிக்கோகிராம் கணக்கு. ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. முன்பு இதை அளக்க முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. 2010இல் வெளிவந்த சிமோவா என்ற நுண்ணளவைமுறை, தனித்தனி மூலக்கூறை எண்ணும் அளவுக்குக் கூர்மையானது. அதன்பிறகு கையில் எடுக்கும் இரத்தமே போதும் என்றாயிற்று.

இயக்க நரம்பணு நோயில் இந்தப் புரதத்தின் இலேசான வகை, அதாவது நியூரோஃபிலமென்ட் லைட், இரத்தத்தில் பல மடங்கு உயர்கிறது. நரம்பு வேகமாகச் சிதைந்தால் அளவும் அதிகம். போலி நோய்கள் பெரும்பாலானவற்றில் அவ்வளவு ஏறுவதில்லை. ஆகவே அளவு தாழ்ந்திருந்தால், அவசரப்பட்டு அந்தப் பெயரை எழுதாதே, வேறு காரணம் தேடு என்று வைத்தியரின் கையைப் பிடிக்கும். உயர்ந்திருந்தால், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லாமல் உடனே நிபுணரிடம் அனுப்ப வைக்கும். பரம்பரையில் எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ளவர்களில் சிலருக்கு, அறிகுறி தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது ஏறத் தொடங்குவதையும் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண் நோயின் பெயரைச் சொல்லாது. நரம்பு எங்கே சிதைந்தாலும் ஏறும். பக்கவாதம், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சில மறதி நோய்கள் எல்லாவற்றிலும் ஏறும். வயது கூடக் கூடவும் ஏறும். சிறுநீரகம் பழுதானால் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும். மாத்தளை மாவட்டத்துக்கு இது சின்ன விடயமே அல்ல. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வாட்டும் வில்கமுவ இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள ஐம்பது வயது விவசாயிக்கு இந்த அளவு கூடியிருந்தால், முதலில் அவருடைய சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியரின் இரத்தத்தை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. நம்முடைய வயதுக்கும் உடல்வாகுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்ற அளவுகளை நாமே எடுத்து வைக்க வேண்டும். நல்லெண்ணெயில் இருந்த நச்சைக் கண்டுபிடித்த பேராதனைக்கு அது எட்டாத வேலையல்ல.

2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இயக்க நரம்பணு நோய்க்கான டோஃபெர்சன் என்ற மருந்துக்கு விரைவு அனுமதி கொடுத்தபோது இந்தப் புரதத்துக்குப் புது மதிப்பு வந்தது. 28 வாரச் சோதனையில் நோயாளிகளின் இயக்கத்தில் தெளிவான முன்னேற்றத்தைக் காட்ட அம்மருந்தால் முடியவில்லை. ஆனால் இரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் நன்றாகக் குறைந்தது. அதை நம்பியே அனுமதி தந்தார்கள். எஸ்.ஓ.டி.1 கோளாறு உள்ள, நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் அது பொருந்தும். 2025இல் இன்னொரு குழு, இரத்தத்தில் உள்ள பல புரதங்களின் ஏற்ற இறக்கத்தைக் கணினியிடம் கற்பித்து நோயை மிகத் துல்லியமாகப் பிரித்தறிந்ததாக ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதியது. அது ஆய்வுக்கூடத்தை விட்டு வைத்தியசாலைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ 4,84,000 பேர். ஐரோப்பாவில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்நோய் வருகிறது; ஆசியாவில் அதைவிடக் குறைவு. இலட்சத்துக்கு ஒருவர் என்று வைத்தாலும் இங்கே ஆண்டுக்கு நான்கைந்து குடும்பங்கள். இந்தச் சில பேருக்காக மாத்தளையில் சிமோவா இயந்திரம் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தப் புரதம் எளிதில் கெட்டுப்போகாதது; எடுத்த இரத்தம் சில மணிநேரம் காத்திருந்தாலும் அளவு பெரிதாக மாறாது. எல்கடுவயிலோ கம்மடுவயிலோ இருந்து ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து மாறி மாறிக் கண்டிக்குப் போகும் பெண்ணுக்குப் பதிலாக, அவருடைய இரத்தக் குழாய் ஏ9 வீதியில் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகப் போகலாம். நாடு முழுவதற்கும் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தால் போதும். மாவட்ட வைத்தியசாலையில் கைமெலிவோடு வருபவருக்கு இந்தச் சோதனையையும் கிரியேட்டினினையும் சேர்த்து எழுதும் வழக்கம் வர வேண்டும்.

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டித் தெரிந்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரும். அதைவிடப் பெரியது மூச்சு. 2006இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், தொண்டைத் தசைகள் அதிகம் கெடாதவர்களுக்கு இரவில் முகமூடி வழியாகக் காற்றுத் தரும் கருவி ஏறத்தாழ ஏழு மாத ஆயுளைக் கூட்டியது. தூக்கத்தையும் பகல் தெம்பையும் திருப்பித் தந்தது. தாமதமாகத் தெரியவருபவர்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்த பிறகுதான் அந்தக் கருவியின் பெயரையே கேள்விப்படுகிறார்கள். காலையில் தலைவலியோடு எழுவது, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை உயர்த்திக்கொண்டே போவது, பகலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வது ஆகியவை மூச்சுத் தசை தளர்வதன் முதல் அடையாளங்கள். வீட்டில் கைமெலிவோடு ஒருவர் இருந்தால் இந்த மூன்றையும் அவரிடம் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்று சொன்னாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கருவியை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.