திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

வாய்க்காலோரம் ஒரு நாள் சைக்கிள் பயணம்: திட்டமிடுவது எப்படி?

தோட்டப்புறங்களில் சைக்கிள் ஒரு காலத்தில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. பால் வாளியைக் கட்டிக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போனவர்களும், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விட்டவர்களும் அதை நம்பித்தான் குடும்பம் நடத்தினார்கள். கலும்பாங், கெர்லிங் வட்டாரமானாலும் கோல சிலாங்கூர் பக்கமானாலும் இதுதான் கதை. இன்று அதே குடும்பத்துப் பேரப்பிள்ளைகள், "நண்பர்களோடு ஒரு நாள் சைக்கிளில் போய் வருகிறோம்" என்று கேட்டால் வீட்டில் உடனே மறுப்பு வருகிறது.

அந்த மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலையில் ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிக்கொண்டிருந்த 8 பிள்ளைகள் கார் மோதி மாண்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட எந்தத் தாய்க்குத்தான் பிள்ளையின் சைக்கிளைப் பார்த்துப் பயம் வராது? ஆனால் சைக்கிளைப் பூட்டி வைப்பதால் மட்டும் பிள்ளைகள் பாதுகாப்பாகிவிட மாட்டார்கள். பெரியவர்கள் அனுமதி தராத பயணத்தைப் பிள்ளைகள் இருட்டில், பெரிய சாலையில், பிரேக் இல்லாத சைக்கிளில் செய்துவிடுகிறார்கள். எந்தச் சாலை, எந்த நேரம், எப்போது திரும்புவது என்று குடும்பமே கூடி உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நல்ல வழி.

எங்கே போகலாம்?

கலும்பாங் வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலைதான். சிலாங்கூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் அழகான பாதை அது. ஆனால் ஏற்றமும் வளைவும் நிறைந்தது. பழகிய கால்களுக்குத்தான் அது ஏற்றது. பிள்ளைகளும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் சேர்ந்து போக, மேடு இல்லாத சமவெளி வேண்டும். அதற்குக் கடலோரம் போக வேண்டும்.

கலும்பாங்குக்கு வடக்கே தஞ்சோங் மாலிம் நகரைத் தொட்டு ஓடும் பெர்ணம் ஆறு, பேராவுக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக மேற்கே போகிறது. வழியில் ஒரு தலைமதகில் அதன் நீரின் ஒரு பகுதி திருப்பப்பட்டு, தெங்கி ஆற்றின் வழியாகத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்களுக்குச் சேருகிறது. 1930களில் சதுப்பு நிலத்தைத் திருத்தி உருவாக்கத் தொடங்கிய வயல்வெளி அது. இன்று கடற்கரைக்கு இணையாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 20,000 ஹெக்டரில் விரிந்து கிடக்கிறது. மலையோரத்து மக்கள் பாலத்திலிருந்து பார்க்கும் அதே ஆற்று நீர்தான் அங்கே நெல்லாக விளைகிறது.

அந்த வயல்களுக்கு நடுவே வாய்க்கால்களை ஒட்டிச் சிறு சாலைகள் நேர்க்கோடாகப் போகின்றன. கோல சிலாங்கூரையும் சபாக் பெர்ணத்தையும் இணைக்கும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் லோரிகள் அதிகம். ஆகவே பயணத்தைக் கோல சிலாங்கூரில் தொடங்காமல், சைக்கிள்களை வேனில் ஏற்றித் தஞ்சோங் காராங்கில் இறக்கி, அங்கிருந்து வயல் சாலைகள் வழியாகச் செகிஞ்சான் போவது நல்லது. சுற்றி வளைத்துப் போனாலும் கடற்கரை வரை ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையை முழுதாக ஓட்டிப் பார்த்து வந்துவிட வேண்டும். எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே கடை இருக்கிறது, எங்கே பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரம் என்ன சொல்கிறது?

பெரும்பாலோர் "எத்தனை மணிக்குப் புறப்படுவது?" என்று கேட்டுத்தான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, "எத்தனை மணிக்கு மேல் ஓட்டக்கூடாது?" என்பதுதான். அதை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

சூரியன் மாலை 7 மணிக்குப் பிறகு மறைகிறது. 6.45க்குள் எல்லாரும் தஞ்சோங் காராங்கில் இருக்க வேண்டும். கூட்டத்திலேயே மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். அது மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் 20 கிலோமீட்டருக்கு 1 மணி 40 நிமிடம். இரண்டு முறை நின்று இளைப்பாறினால் இரண்டேகால் மணி நேரம். அப்படியானால் மாலை 4.30க்குப் பிறகு செகிஞ்சானிலிருந்து யாரும் சைக்கிளில் திரும்பக்கூடாது. அதற்குமேல் வேன்தான்.

காலை 7.30க்குப் புறப்பட்டால், வழியில் நின்று பார்த்துப் போனாலும் 10.30க்குள் கடற்கரையை அடையலாம். உச்சி வெயிலில் ஓட்ட வேண்டாம். மதிய உணவு, மீனவர் படகுத்துறை, நெல் ஆலைக் காட்சிக்கூடம் என்று பொழுதை நிழலில் கழிக்கலாம். 3.30க்குத் திரும்பினால் 5.45க்கு வந்துவிடலாம். மிச்சம் இருக்கும் ஒரு மணி நேரம், டயர் பஞ்சரானால் கைகொடுக்கும்.

இந்த முடிவைச் சொல்லும் அதிகாரத்தை ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் "போதும், வேனில் ஏறுங்கள்" என்றால் அங்கே மறுபேச்சு இருக்கக்கூடாது.

மழை, இடி, கடல்

மேற்குக் கரையில் பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வயல்வெளியில் ஒதுங்க மரமும் கிடையாது, கூரையும் கிடையாது. சைக்கிளில் போகிறவரே அங்கே உயரமான பொருள். இடிச் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். காத்திருந்து 4.30 தாண்டிவிட்டால் முன்பு எழுதிய விதிதான் பேசும்.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் நீர் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். தாழ்வான கரையோரப் பாதையில் நீர் வந்துவிடலாம். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே சொல்லிவிடும்.

வாய்க்கால் விஷயத்தில் பெற்றோர் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும் வாய்க்காலுக்குக் கரை செங்குத்து. தடுப்புக் கம்பி பல இடங்களில் இருக்காது. உள்ளே விழுந்த பிள்ளை தானாக ஏறி வருவது கடினம். ஆகவே நீர்ப்பக்கம் பெரியவர்கள், வயல்பக்கம் பிள்ளைகள். எதிரே வாகனம் வந்தால் பிள்ளைகள் இறங்கி நின்றுவிட வேண்டும். குளிக்கவோ கால் நனைக்கவோ அனுமதி இல்லை.

என்ன எடுத்துப் போவது?

ஆளுக்கொரு தலைக்கவசம். ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கூட்டத்துக்கு இரண்டு டியூப், ஒரு காற்றுப் பம்ப், டயர் கழற்றும் கம்பி, முதலுதவிப் பெட்டி. முந்தின நாளே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, டயருக்குக் காற்றடித்து வைக்க வேண்டும். பிரேக் பிடிக்காத சைக்கிள், அது யாருடையதாக இருந்தாலும், வீட்டிலேயே இருக்கட்டும். பாதை தெரிந்தவர் முன்னால், பொறுமையானவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது. அவசரத்துக்கு 999. தஞ்சோங் காராங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதையும் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

வயல் சாலை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதல்ல, விவசாயியின் வேலைத்தலம். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் இடம். கதிர் பழுத்த வேளையில் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் அறுவடை இயந்திரமும் நெல் லோரியும் ஓடும் நேரமும் அதுதான். வழிவிட்டு நிற்பதும், வரப்பை மிதிக்காமல் இருப்பதும், குப்பையைத் திரும்ப எடுத்து வருவதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாலையில் கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் பார்க்க ஆசை இருந்தால் சைக்கிள்களை வேனில் கட்டிவிட்டுப் போகலாம். பெரெம்பாங் மரங்களில் அவை மின்னுவதைப் படகில் அமர்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். இருட்டில் சைக்கிள் மட்டும் வேண்டாம்.

இத்தனையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். எந்த நேரத்தில் பிள்ளை எந்த ஊரில் இருக்கும் என்று தெரிந்த தாய், அடுத்த முறை கேட்கும்போது "போகாதே" என்று சொல்வதற்கு முன் அந்தத் தாளைக் கேட்பாள்.