கை விடாத டாக்டர்

“மாங்கொட்டை தொண்டையில அடைச்சிக்கிச்சுங்க டாக்டரம்மா. கைய உட்டு எடுத்துட்டீங்கன்னா செரியாப் போயிரும்.”

காலை எட்டேகால். கொங்கு நாட்டில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மாட்டாஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற குட்டியானை வண்டியில் ஒரு கலப்பினப் பசு. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. தண்ணீர் காட்டினால் வாயை வைக்கிறது, உள்ளே போகவில்லை. நடுநடுவே தொண்டை கட்டிய குரலில் கத்துகிறது. வைகாசி மாதம், தோட்டத்தில் மாமரம், விழுங்க முடியாத மாடு. கொண்டு வந்தவரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டாக்டருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நாமக்கல்லில் படித்தவர். வண்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே கேட்டார்: “ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நாய் ஏதாச்சும் கடிச்சுதுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

பின்னால் நின்ற அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: “பங்குனி நோம்பியப்ப ஒரு செவலை நாய் கட்டுத்தறிக்குள்ள பூந்து தொரத்துச்சே? நீங்கதான கல்லெடுத்து வீசுனீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி மாட்டைப் பற்றியதல்ல. “இது வாயில யார் யாருங்க கை விட்டுப் பாத்தீங்க?”

வெறிநோய் கண்ட மாடு நாயைப் போலப் பாய்ந்து கடிக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல மாடுகளுக்கு அப்படி வருவதில்லை. தொண்டைத் தசை செயலிழந்துபோகும். விழுங்க முடியாது, எச்சில் வழியும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எதுவோ சிக்கியது போலத்தான் தெரியும். அந்த எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. கையில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும். அதனால்தான் விழுங்க முடியாத மாட்டைக் கண்டால் டாக்டர்களுக்கு முதலில் வெறிநோய் நினைவுக்கு வர வேண்டும். மாங்கொட்டை அதற்குப் பிறகுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டு வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். மாட்டுக்காரருக்கு அந்த வழக்கம் இல்லை. கன்றாக வாங்கி வளர்த்த மாட்டின் வாயில் கைவிட அவர் ஏன் யோசிக்கப்போகிறார்?

அன்று காலை டாக்டர் கைவிடாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான், மற்ற நேரமெல்லாம் அந்தக் கை எங்கெங்கே போகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் அங்கே இருந்தேன். ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர், ஊசி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் மாட்டு வைத்தியத்தில் பெரிய கருவி இடது கைதான். தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறை, சோப்புத் தண்ணீர், பிறகு மாட்டின் குதம். கர்ப்பப்பை அதற்குக் கீழே கிடக்கிறது. குடல் சுவரின் வழியாகத் தடவியே சினையா இல்லையா, எத்தனை மாதம் என்று சொல்லிவிடுகிறார். கண் எங்கோ கூரையைப் பார்க்கிறது. மாட்டுக்காரர் டாக்டரின் முகத்தையே பார்க்கிறார்.

“மூணு மாசமுங்க” என்றால் அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தை எழுத வேண்டியதில்லை. “காலியாத்தானுங்க இருக்குது” என்றால் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 21 நாளுக்கு ஒருமுறைதான் மாடு பருவத்துக்கு வரும். ஒரு சுற்று தவறினால் மூன்று வாரத் தீவனம் தண்டம். சினை ஊசி போட்டு, பிடித்து, 280 நாள் சுமந்து, ஈன்ற பிறகுதான் சொம்பில் பால். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது இங்கே வருகிற கிழவிகளுக்கெல்லாம் மனப்பாடம். ஊசிக்கான உறைவிந்து மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவையில் மூலையில் நிற்கிறது. அந்த அறையில் மின்விசிறி மட்டும் ஓடவில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தோட்டத்துக்கு டாக்டரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனேன். முந்தின இரவு கன்று போட்ட மாடு. எழுந்திருக்கவில்லை. கழுத்தை வளைத்து, தலையை விலாவில் சாய்த்துக் கிடந்தது. காது சில்லென்றிருந்தது. வீட்டுக்காரர்கள் கற்பூரம் கொளுத்தி முடித்திருந்தார்கள். இதற்குப் பெயர் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடு வழக்கத்தைவிடக் குறைந்துதான் இருக்கும். கன்று போட்டதும் மடியில் சீம்பால் திடீரென இறங்கும்போது ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து அதோடு போய்விடுகிறது. தசைகள் வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன. நிறையக் கறக்கிற மாட்டுக்குத்தான் இது அதிகம் வரும். நல்ல மாடுதான் படுக்கும் என்று விவசாயிகள் சொல்வதில் பாதி உண்மை.

கால்சியம் பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டுச் சூடேற்றச் சொன்னார். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி ஏறியது. பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க எனக்கு வேலை கொடுத்தார். “ஒசத்தாதீங்க சார், மெதுவா எறங்கட்டும்.” அவர் காது மாட்டின் நெஞ்சை விட்டு நகரவில்லை. மருந்து வேகமாக இறங்கினால் அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். காப்பாற்றுவதற்கும் கொல்வதற்கும் நடுவே இருப்பது என் கை பிடித்திருக்கும் உயரம்தான் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பாட்டிலில் பாதி போனபோது மாடு ஒரு ஏப்பம் விட்டது. தோல் சிலிர்த்து நடுங்கியது. பிறகு சாணி போட்டது. வீட்டுப் பாட்டி, “சாணி போட்ருச்சு, சாணி போட்ருச்சு” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் பின்னங்கால்களை ஊன்றித் தள்ளாடி எழுந்து கன்றை நக்கப் போனது. மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் கண்ணுக்கு முன்னால் பலன் தெரிகிற இடம் குறைவு. டாக்டருக்கு ஒரு சொம்பு மோர் கிடைத்தது. எனக்கும் பாதி.

எல்லாம் இப்படி முடிவதில்லை. நஞ்சுக்கொடி விழாத மாட்டிலும், கன்று குறுக்கே திரும்பிக்கொண்ட மாட்டிலும் உள்ளே போகிற கைக்கு ஆபத்து உண்டு. கன்று வீசும் மாட்டுக்கு புரூசெல்லா கிருமி இருக்கலாம். அது டாக்டரின் உடம்பில் ஏறினால் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். இதற்கான தடுப்பூசியைக் கிடேரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே முறை போடுகிறார்கள். அதிலிருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி, ஊசி டாக்டரின் விரலில் ஏறினாலும் அதே காய்ச்சல் வரலாம். இந்த நோயைத் தாங்கிக்கொண்டே வேலை பார்த்த கால்நடை மருத்துவர்கள் உண்டு. இத்தனை ஆபத்தோடு பார்க்கும் இந்த வேலைக்கு அரசாணையில் பெயர் ‘கால்நடை உதவி மருத்துவர்’. யாருக்கு உதவி என்று நானும் தேடிப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் மருத்துவர் அவர் ஒருவர்தான்.

இங்கே வருகிற வியாதிகளில் பல நம் அன்பினால் வருபவை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருந்தகத்தில் கூட்டம் அள்ளும் என்றார் டாக்டர். கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, தாம்பாளம் தாம்பாளமாகப் பொங்கலை ஊட்டிவிடுகிறோம். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்த முதல் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது. அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் திடீரென்று இறங்கும் சோற்றைப் புளிக்கவைத்து அமிலக் குளமாக்கிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும். சில மாடுகள் பொங்கலன்று வாழ்த்தப்பட்டு இரண்டாம் நாள் செத்தும் போகின்றன. கல்யாண வீட்டுச் சோற்றுக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக் பையோடு கட்டி வீசிய எச்சில் இலையும் அதே வயிற்றுக்குத்தான் போகிறது. விலாவைக் கிழித்து வயிற்றைத் திறந்தால் கயிறும் பையுமாகக் கூடை கூடையாக வரும். கம்பியோ ஆணியோ இருந்தால் இன்னும் மோசம். இரண்டாம் வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே மெல்லிய தடுப்புதான்.

மூன்றாவது நாள் ஒரு சிறு வாக்குவாதத்தைப் பார்த்தேன். மடிநோய் கண்ட மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு, “மருந்து போட்டு முடிச்சப்புறமும் சில நாளைக்குப் பால சொசைட்டிக்கு ஊத்தாதீங்க” என்றார் டாக்டர். அந்த அம்மா சிரித்தார். “அந்தப் பால் காசுலதானுங்க உங்க மருந்துக் கடைச் சீட்டுக்கே காசு குடுக்கோணும்.” இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. நோய் முற்றுவதற்குள் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசச் சொல்கிறார் டாக்டர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் சோதித்துப் பரப்பிய முறை அது. பாலைக் கீழே கொட்ட வேண்டாம் என்பதே அதற்குப் பாதி வரவேற்பைத் தந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு ஊசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. சத்தியமங்கலத்துக்கு மேற்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் பறக்கின்றன. நாம் பிணந்தின்னிக் கழுகு என்று ஒதுக்கிய பறவை. நாடு முழுக்க அது அடியோடு சரிந்ததற்கு மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி காரணமாக இருந்தது. மருந்தோடு செத்த மாட்டைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் அடைக்கக் கூடாது என்று அதற்கும் பூட்டு விழுந்தது. இந்த மருந்தகத்தில் இப்போது வலிக்கு மெலாக்சிகம். பாறுகளுக்கு அது தீங்கில்லை.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியபோது மாட்டு மந்தைகளை ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்தது வெக்கை நோய். அந்தப் பெயரே இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. 2011-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து பட்டி பட்டியாக நடந்த ஆட்கள் யாரும் புகழ்பெறவில்லை. காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த வி. கிருஷ்ணமூர்த்திக்கு ஜெயமோகன் ‘யானை டாக்டர்’ எழுதினார். மாட்டு டாக்டருக்கு ஒரு கதை பாக்கி இருக்கிறது.

மாலையில் கூட்டத்தின் முகம் மாறிவிடும். வயர் கூடையில் கோழி, பள்ளிச் சீருடையில் வந்த பையனின் மடியில் பூனைக்குட்டி, வெயில் தாங்காத ஊரில் மூச்சிரைத்து நிற்கும் பக் நாய். நடுவில் ஒரு இன்சூரன்ஸ் கேஸ்: காதில் மாட்டிய வில்லையின் பன்னிரண்டு இலக்கத்தைப் படித்து எழுத வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். அதிலும் கைவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. திடீரென்று செத்து, மூக்கிலும் குதத்திலும் உறையாத ரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். கத்தியே வைக்கக் கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, அப்படியே புதைக்க வேண்டியதுதான்.

மாங்கொட்டைக்காரரின் கதைக்கு வருகிறேன். அன்று காலை டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினார். கைவிட்டுப் பார்த்தவர், அவர் அம்மா, கஷாயம் ஊற்றிய பங்காளி, “நான் எத்தன மாட்டுக்குப் பாத்திருக்கறேன்” என்று முழங்கை வரை விட்ட பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், வாயைப் பிடித்துக்கொண்ட இரண்டு பையன்கள். ஆறு பேர். சோப்பைக் கொடுத்து, குழாயடியில் கால் மணி நேரம் கையைக் கழுவச் சொன்னார். பிறகு அதே குட்டியானையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். மாட்டைத் தனியாகக் கட்டி, யாரும் கிட்டே போக வேண்டாம் என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார். பாலைக் காய்ச்சித்தான் குடித்தோம் என்று அந்த வீட்டம்மா சொன்னபோது மட்டும் அவர் முகம் சற்று இளகியது.

நான் கிளம்பும்போது மாடு செத்துவிட்ட செய்தி வந்தது. டாக்டர் போனில் இருந்தார்.

“ஊசி நாலும் போடணுமுங்க. மொத ஊசி போட்டாச்சு. இன்னிக்கு மூணாம் நாள் ஊசி, அப்புறம் ஏழாம் நாள், இருவத்தெட்டாம் நாள். பெரியவரு போறாருங்களா?”

எதிர்முனையில் குரல் தெளிவாகக் கேட்டது. “அவரக் கையோட இழுத்துட்டுப் போயிட்டமுங்க. அது கெடக்கட்டும். கன்னுக்குட்டி கத்திட்டே கெடக்குதுங்க. அத அந்த நாய் கடிச்சுதான்னு தெரியலீங்க. என்னங்க பண்றது?”

டாக்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பங்குனித் தாளைப் புரட்டி, நாள் எண்ணினார்.

“பொழுதோட வர்றேனுங்க. அதுவரைக்கும் அத யாரும் தொடாதீங்க.”