கார் ஸ்டார்ட் ஆகலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க!

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம். சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்குக் போன் போட்டால், "பேட்டரி போயிருக்கும் சார்" என்ற பதில்தான் முதலில் வரும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புது பேட்டரி போட்ட சில நாளில் மறுபடியும் அதே கதை! காரணம், கோளாறு பேட்டரியில் இல்லை. அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும்.

சத்தத்தைக் கவனிங்க

சாவியைத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்து, டேஷ்போர்டு லைட் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. இல்லையென்றால் டெர்மினல் லூஸாக இருக்கலாம். ஹெட்லைட் பளிச்சென்று எரியுது, ஆனால் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்குது என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் மீது சந்தேகப்படலாம். என்ஜின் வழக்கம்போல நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்போது பேட்டரியை விட்டுடுங்க. பெட்ரோல் இருக்கிறதா, இம்மொபிலைசர் லைட் மினுக்குகிறதா என்று பாருங்க. அடுத்தது பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக் பக்கம்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், அதுவே காரணமாக இருக்கலாம். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேயுங்க. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

மல்டிமீட்டர் சொல்லும் உண்மை

எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரியைச் சோதியுங்க. 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி காலி என்று அர்த்தம். ஆனால் அது ஏன் காலியானது என்பதுதான் முக்கியமான கேள்வி.

இப்போது என்ஜினை ஓடவிட்டு மறுபடியும் பாருங்க. 13.5 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜைக் குறைத்து வைக்கும். அதனால் ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதும் 12 வோல்ட்டைச் சுற்றியே நின்றால், எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயன் இல்லை.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய டெக்னிக்கை மட்டும் யாரையும் செய்ய விடாதீங்க. திடீரென எகிறும் வோல்டேஜ், விலை உயர்ந்த ஈசியூவையே காலி செய்துவிடும்.

மஞ்சள் லைட், சிவப்பு லைட்

மஞ்சள் நிற 'செக் என்ஜின்' லைட் எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி மொபைலிலேயே கோடு பார்க்கலாம். P0300 என்றால் மிஸ்ஃபயர். ஆனால் அந்தக் கோடு அறிகுறியைத்தான் சொல்லும். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. கோடைப் பார்த்த உடனே பார்ட்ஸ் ஆர்டர் போட வேண்டாம்.

சிவப்பு நிறத்தில் ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ எரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம். ஓரங்கட்டி என்ஜினை ஆஃப் செய்யுங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மழைத் தண்ணீரில் மூழ்கி நின்ற காரையும் 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்று முயற்சிக்காதீங்க. உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜின் புரொடக்ஷன் ஆட்-ஆன் எடுக்காத பாலிசிகளில் இந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க.