ஸ்பிரிங் உயரம்: அளந்தால்தான் தெரியும்!

"டேப்பெட் வச்சாச்சு, ஹெட் ரெடி!" பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கும் நண்பர்களே, அந்த ஹெட் உண்மையிலேயே ரெடிதானா என்று கொஞ்சம் பார்ப்போமா?

வால்வைத் திறப்பது கேம் ஷாஃப்ட், மூடுவது ஸ்பிரிங். 4000 ஆர்.பி.எம். ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு சுமார் 33 தடவை திறந்து மூட வேண்டும். மூடும் வேலையில் ஸ்பிரிங் கொஞ்சம் அசந்தாலும் வம்புதான்.

பொருத்திய உயரம் என்றால் என்ன?

வால்வு மூடியிருக்கும்போது, ஹெட்டில் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலிருந்து மேலே உள்ள ரிடெய்னரின் அடிப்பக்கம் வரை உள்ள தூரம்தான் பொருத்திய உயரம். ஸ்பிரிங்கைக் கழற்றி மேஜை மேல் நிறுத்தி அளப்பது ஃப்ரீ லெங்த். அது வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

அது ஏன் மாறுகிறது?

ஒவ்வொரு தடவை வால்வு முகத்தைக் கிரைண்ட் செய்து சீட்டை வெட்டும்போதும், வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காருகிறது. மறுமுனையில் ஸ்டெம் அதே அளவு மேலே ஏறும். ரிடெய்னரும் கூடவே ஏறும். ஆனால் ஸ்பிரிங்கின் அடித்தளம் அங்கேயேதான் இருக்கிறது. ஆக, உயரம் கூடிவிட்டது.

சீட்டை வெட்டாமலேயும் இது நடக்கும். பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. தனி சீட் வளையம் இல்லாத பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில், அதிக லோடில் ஓடினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு தானாகவே இறங்கும்.

ஸ்டெம் ஏறினால் டேப்பெட் இடைவெளி குறையும். ஸ்குரூவைத் திருப்பி அதைச் சரி செய்துவிடலாம். சத்தமும் இருக்காது. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்தது தளர்ந்ததுதான்! டேப்பெட் ஸ்குரூ அந்தக் குறையை மறைக்குமே தவிர நீக்காது.

ஒரு சின்னக் கணக்கு

கம்பி விட்டம் 4 மி.மீ., சராசரிச் சுருள் விட்டம் 26 மி.மீ., வேலை செய்யும் சுற்று 5, மொத்தச் சுற்று 7, ஃப்ரீ லெங்த் 50 மி.மீ. என்று ஒரு ஸ்பிரிங். எஸ்.ஓ.எம். பாடத்தில் படித்த சூத்திரத்தில் போட்டால் விறைப்பு மி.மீட்டருக்கு சுமார் 29 நியூட்டன் வரும். மேனுவல் சொல்லும் உயரம் 40 மி.மீ., லிஃப்ட் 9 மி.மீ. என்றால்:

வால்வு மூடியபோது விசை 290 நியூட்டன். முழுக்கத் திறந்தபோது 551.

வால்வு 1.5 மி.மீ. இறங்கிவிட்டால் மூடியபோது சுமார் 247. திறந்தபோது சுமார் 508.

மூடிய நிலையில் 15 சதவீதம் போயே போச்சு! வால்வின் இனர்ஷியா விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் 5000 ஆர்.பி.எம். வரை தாங்கிய ஸ்பிரிங், திறந்த நிலைக் கணக்குப்படி, 4800-லேயே கேமை விட்டு விலகத் தொடங்கும். இதுதான் வால்வு ஃப்ளோட். சீட்டில் அழுத்தமாக உட்காராத எக்ஸாஸ்ட் வால்வுக்குச் சூடு இறங்க வழியில்லை, எரிந்துவிடும். பிஸ்டன் வால்வை இடித்தால் இன்ஜினே காலி. கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவர் நடுரோட்டில் நிற்பார்.

அளப்பது எப்படி?

1. கிரைண்டிங், லேப்பிங் எல்லாம் முடிந்த பிறகே அளக்க வேண்டும்.

2. ஸ்பிரிங் இல்லாமல் வால்வு, ரிடெய்னர், லாக் மூன்றையும் மாட்டுங்கள். அந்தந்த வால்வுக்கு அதன் சொந்த லாக், ரிடெய்னர்தான்.

3. ரிடெய்னரை மேலே இறுக்கி இழுத்துப் பிடித்து, உள்தூரத்தை டெலஸ்கோப்பிக் கேஜில் எடுத்து மைக்ரோமீட்டரில் படியுங்கள்.

4. மேனுவல் அளவைக் கழியுங்கள். 41.5-ல் 40 போனால் 1.5 மி.மீ. அந்தத் தடிமனுள்ள ஷிம்மை ஸ்பிரிங்குக்கு அடியில், ஹெட் பக்கம் போடுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால்...

அமிர்தமும் நஞ்சு, ஷிம்மும் நஞ்சு! நம் ஸ்பிரிங்கில் 7 சுற்றும் ஒட்டிக்கொண்டால் உயரம் 28 மி.மீ. முழு லிஃப்டில் ஸ்பிரிங் 31 மி.மீட்டரில் இருக்கும், மிச்சம் 3 மி.மீ. "டைட்டா இருக்கட்டும்" என்று, இறங்காத வால்வில் 1.5 மி.மீ. ஷிம் இரண்டைப் போட்டால் அந்த இடைவெளி பூஜ்யம். புஷ் ராட் வளையும், கேம் தேயும். குறைந்தது 1.5 மி.மீ. மிச்சம் விடுவது வழக்கம்.

இன்னொன்று: ஷிம் உயரத்தைத்தான் சரி செய்யும், சோர்ந்துபோன ஸ்பிரிங்குக்கு அது மருந்தல்ல. ஃப்ரீ லெங்த்தையும் டென்ஷனையும் டெஸ்டரில் பாருங்கள். குறைந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். வால்வு மேனுவல் எல்லையைத் தாண்டி இறங்கியிருந்தால் புது சீட் போடுவதே முறை.

நாளைக்கு நாம் எந்தப் பட்டறைக்குப் போனாலும், ஒரு ஹெட்டுக்கு இந்த அளவை எடுக்க அரை மணி நேரம் கேட்போம். "இதெல்லாம் எதுக்குப்பா?" என்று யாராவது சிரித்தால், அளந்த தாளை எடுத்துக் காட்டுவோம்!