பொதுத் தட்டில் மறையும் கோப்புறைகள்

நம் கல்லூரிப் பழைய மாணவருட் சிலர் சப்பிரகமுவ மாகாணத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிற் பிறந்தவராவர். இவ்விழாவை முன்னிட்டு, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டக் குடும்பங்களின் பழைய பிறப்புச் சான்றிதழ்களையும் பிரசாவுரிமைப் பத்திரங்களையும் படமெடுத்து ஒரு கணினியிற் சேர்த்து வந்தோம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோர் பலர். அவர்க்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி யாம் சொல்லித் தெரியவேண்டுவதன்று. அத்தகைய படங்கள் நிறைந்த கோப்புறையொன்று ஒருநாட் காலை காணாமற் போயிற்று!

அக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு இயங்குதளங்கள் உள. கோப்புகள் வைக்கும் தட்டு இரண்டிற்கும் பொதுவானது. முதல்நாள் இரவு விண்டோஸை மூடிவிட்டு, லினக்ஸில் அக்கோப்புறையை ஆக்கியிருந்தோம். தவறு அங்கேதான் நேர்ந்தது.

2012 இல் வந்த விண்டோஸ் 8 முதலாக, 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் விரைவுத் தொடக்க முறை உண்டு. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முற்றாக மூடுவதில்லை. தன் நினைவின் ஒரு பகுதியை எழுதி வைத்துவிட்டு உறங்குகின்றது. இதனை ஓர் உவமையால் விளக்குவாம். கணக்கப்பிள்ளையொருவர் செக்ரோலை மனத்திற் பதித்துக்கொண்டு உறங்குகிறார். இரவில் வேறொருவர் அதிற் புதுப் பெயர்களை எழுதுகிறார். விடிந்ததும் முன்னவர் ஏட்டைப் பாராது, தம் நினைவிலுள்ளதையே மேலெழுதினால் புதுப் பெயர்கள் என்னாகும்? பெரும்பாலும் லினக்ஸ் இந்நிலையை உணர்ந்து, அத்தட்டைப் படிக்க மட்டுமே இடந்தரும். அவ்வெச்சரிக்கையை மீறி எழுதினால் இழப்பு நேரலாம்.

கோப்புறை மறைந்தால் அத்தட்டில் வேறெதனையும் எழுதலாகாது. மற்ற இயங்குதளத்திலும் தேடுக. விண்டோஸ் தட்டைச் சோதித்துத் திருத்தியிருப்பின், 'பவுண்ட்.000' என்னும் மறைந்த கோப்புறையுள், பெயர் மாறிய நிலையில் அவை கிடைத்தல் கூடும். எஞ்சியவற்றை வேறொரு தட்டிற் படியெடுத்த பின்னர், விண்டோஸின் மின்வலு அமைப்பிலே விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடுக. அதுவரை, இயங்குதளம் மாறும்போது 'ரீஸ்டார்ட்' கொடுத்தலே நன்று. அது விண்டோஸை முழுமையாக மூடும்.

எமது படங்களிற் பல அவ்வாறே மீண்டன. மீளாதவற்றிற்காக மறுபடியும் தோட்டத்துக்கு ஏறினோம். உறையுள் உறையாகப் பொதிந்து வைத்திருந்த பத்திரத்தை மூதாட்டியொருவர் முகஞ்சுளியாது மீண்டும் எடுத்துத் தந்தார். அன்று முதல் ஒவ்வொரு படத்திற்கும் வேறொரு தட்டிலும் ஒரு படி வைத்து வருகின்றோம்.